உப்பில் பிழைத்தது

“உப்பு போட்ட பண்டம் ஏன் அழுகுறதில்லே?”

வேலூர்க் கல்லூரியில் நுண்ணுயிரியல் கடைசி வருஷ வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் அபிதகுசாம்பாளை இப்படிக் கேட்டார். பதில் புத்தகத்திலேயே இருந்தது. அவளோ தரையைப் பார்த்துக்கொண்டு, “அழுகும் சார். அழுக வைக்கத் தெரிஞ்சவங்க வந்து சேரணும், அவ்வளவுதான்” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

அதெல்லாம் துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முந்தின கதை. இன்று ஆரணி பட்டு வியாபாரிகள் சங்கத்து அறையில் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றபோது, அந்தத் தெரிந்தவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று அபிதாவுக்குத் தோன்றியது.

மேஜைமேல் ஒரு பழைய வேட்டி விரிந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரு கட்டுப் பட்டு நூல். சந்தன நிறம். ஏதோ ஒரு கல்யாணப் பெண்ணின் சேலையில் ஊடையாக, குறுக்கே ஓட வேண்டிய நூல். இப்போது அதன்மேல் ரோஸ் நிறத்தில் சளி மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் விரலோடு இழுபட்டு வந்தது. எலி செத்த வீட்டில் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு நாற்றம் சுவரெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது. வெளியே அடைமழை. ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை.

“மேடம், எனக்கு இந்த வாசனையைத் தெரியும்” என்றான் இன்னாசிமுத்து. அவளுடைய உதவியாளன். முன்னே பஸ் கண்டக்டராக இருந்தவன். செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் வாயைக் கொடுத்து வேலையைத் தொலைத்தவன். “ராணிப்பேட்டை ரூட்ல போறப்ப கடைசி சீட்டுல இத்தே வாசனை உக்காந்துகினு வரும். ஒரு நாளும் டிக்கெட் வாங்கினதில்லே.”

“கொஞ்ச நேரம் சும்மா இரு இன்னாசி.”

“வாயைத் தொறந்து பேசினாதான் மேடம் மூக்கு வேலை செய்யாம இருக்குது.”

சங்கத் தலைவர் தனகோடி நாற்காலியை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். வயதானவர். எதையும் நிறுத்துப் பேசுகிறவர். அவர்தான் ஆள் அனுப்பி அபிதாவை வரவழைத்திருந்தார்.

“விஷயம் இதாம்மா. நாங்க நெசவாளிக்குப் பட்டை நிறுத்துக் குடுக்கிறோம். சேலையை நிறுத்து வாங்கிக்கிறோம். கொஞ்ச நாளா எடை குறையுது. நம்ம பரசுராமன்கிட்ட நெய்யறவங்க ரெண்டு பேரை இதுக்காகவே நிறுத்தியாச்சு. இப்ப மூணாவதா இவ. திருட்டை எப்பிடிப் பண்றாங்கன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

“எப்பிடின்னு நான்தான் சொல்லிட்டேனே” என்றார் பக்கத்தில் நின்ற பரசுராமன். நெற்றி நிறைய விபூதி. மடிப்புக் கலையாத வேட்டி. அறையில் இருந்த எல்லோரையும்விட அவருக்குத்தான் அருவருப்பு அதிகம் என்பதுபோல ஒரு துண்டை மூக்கருகே ஆட்டிக்கொண்டிருந்தார். “நூல்ல கொஞ்சத்தை எடுத்துக்கிறது. மீதியை உப்புத் தண்ணியில முக்கிடறது. உப்பு ஈரத்தை இழுக்கும், எடை முக்கால்வாசியாவது நிக்கும். சாக்கடைக் கிணத்துத் தண்ணியில முக்கினா அழுகாம இன்னா பண்ணும்? மாட்டுக்கறி திங்கிற வீடு. அங்க சுத்தபத்தம் எங்கேர்ந்து வரும்?”

கடைசி வார்த்தைகளை வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார். படிக்கு வெளியே, ஓட்டுத் தண்ணீர் தோளில் சொட்ட, சகாயம்மாள் நின்றுகொண்டிருந்தாள். சேவூரில் தறி வைத்திருப்பவள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் வரவில்லை.

“இந்தக் கட்டை யார் கொண்டுவந்து குடுத்தது?” என்று கேட்டாள் அபிதா.

“நான்தாம்மா” என்றாள் சகாயம்மாள். “நாறுதுன்னு சொல்லத்தான் கொண்டாந்தேன்.”

திருடினவள் திருட்டைத் தானே தூக்கிக்கொண்டு வருவாளா என்று அபிதா தனகோடியைப் பார்த்தாள். அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார் போலும். ஆனால் அவருக்கு வழக்கம் பெரிது. சாயந்திரம் வியாபாரிகள் எல்லோரும் கூடுவார்கள். இன்னார் நூல் திருடி என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் பிறகு ஆரணியில் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது. பாவும் கிடைக்காது, ஊடையும் கிடைக்காது. தறி வெறும் மரமாகிவிடும்.

“சாயந்திரத்துக்குள்ள சொல்றேன்” என்றாள் அபிதா. “கட்டை நான் எடுத்துகினு போறேன்.”

“புண்ணியமாப் போகும்” என்றார் தனகோடி. “கூட்டத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. இந்த அறையில மனுசன் உக்கார முடியாது.”

“நம்ம வீட்டுக் கூடத்துல வச்சுக்கலாம்” என்று பரசுராமன் பெருந்தன்மையாகச் சொன்னார்.

*

இன்னாசியின் லூனா மழையில் இருமிக்கொண்டே சேவூர் போய்ச் சேர்ந்தது. நாற்றம் பிடித்த நூல்கட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி அபிதாவே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எதிரில் வந்த டவுன் பஸ்காரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சகாயம்மாள் முன்னாலேயே வந்து கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஒரே அறை. பாதி அறையைத் தறி அடைத்திருந்தது. கால் வைத்து மிதிக்கிற குழியில் மழைத் தண்ணீர் ஊறி நின்றது. அதற்குள் ஒரு தவளை.

“மேடம், தறியில ஆள் இருக்குது” என்றான் இன்னாசி.

“அது ஒரு வாரமா நெய்யுதுங்க. இன்னும் ஒரு சேலையும் இறக்கல” என்றாள் சகாயம்மாள், சிரிக்காமல்.

அபிதாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

“நூலை வாங்கினதும் இன்னா செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“ஊடையைத் தண்ணியில நனைச்சு, தார்ல சுத்தி, நாடாவுல போட்டு நெய்யணும். நனைக்காத நூலு ஓடாதும்மா. இந்தத் தபா குழியில தண்ணி ஏறிடுச்சு. நனைக்காம அப்பிடியே பெட்டியில வச்சுட்டேன். தொறந்து பாத்தா இந்தக் கோலம்.”

“இதுக்கு முன்னாடி குடுத்த நூலெல்லாம்?”

“அதையெல்லாம் நனைச்சுதான் நெய்ஞ்சேன். கரிக்கும்.”

அபிதா நிமிர்ந்தாள். “கரிக்கும்னு எப்பிடித் தெரியும்?”

சகாயம்மாள் தறியிலிருந்து நாடாவை எடுத்துக் காட்டினாள். இரண்டு பக்கமும் கூரான மரத்துண்டு. உள்ளே நூல் சுற்றிய தார். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. அந்தத் துளையில் உதட்டை வைத்து அவள் ஒரு உறிஞ்சு உறிஞ்ச, நூல்முனை வெளியே வந்து அவள் நாக்கில் ஒட்டியது. தார் மாற்றும்போதெல்லாம் ஆரணி, சேவூர் முழுக்க எல்லாத் தறியிலும் இப்படித்தான். கையால் கோக்க நேரம் ஏது?

“தண்ணியில அலசின பிறகும் கரிக்கும்மா. முதலாளிகிட்ட சொன்னேன். உன் வாய்தான் கரிக்குதுன்னுட்டார்.”

“இந்தப் பேச்சை வேற யாராவது கேட்டாங்களா?”

“அவரும் நானும்தான். நான் சொன்னா எடுபடாதுங்க.”

எடுபடாதுதான். அபிதா பொய்யான ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டாள். ஒன்றில் சகாயம்மாள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் அதே தண்ணீரை ஊற்றி, கரைகிற மட்டும் கல்லுப்பைப் போட்டுக் கலக்கினாள். தேங்காய் ஓட்டில் சகாயம்மாள் வைத்திருந்த உப்பு மழைக்குக் கசிந்திருந்தாலும் வெள்ளையாகவே இருந்தது. பிறகு ஈர்க்குச்சியால் அந்த ரோஸ் சளியை வழித்து இரண்டு டம்ளரிலும் விட்டாள்.

இன்னாசி திரும்பி நின்றுகொண்டான். “காலையில தின்ன இட்லி வழி கேக்குது மேடம்.”

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. பரசுராமன் சொல்றது உண்மைன்னா இது கிணத்துல இருந்த அழுக்கு, கிணத்துத் தண்ணியில அப்பிடியே இருக்கணும். சாயம் கழண்டு வந்திருந்தா ரெண்டு டம்ளரும் ரோஸாகணும். பாத்துகினே இரு.”

பார்த்தார்கள். உப்புத் தண்ணீரில் அந்த ரோஸ் சொட்டு சின்ன மேகம் மாதிரி அப்படியே மிதந்தது. கிணற்றுத் தண்ணீரில் விட்டதோ மெல்ல மெல்ல வெளுத்தது. பிறகு நிறமே இல்லாமல் போய், மூக்கொழுக்கு மாதிரி இழை இழையாகத் தொங்கியது. சகாயம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“இன்னா ஆச்சு அதுக்கு?”

“செத்துப்போச்சு. வெடிச்சுச் செத்துப்போச்சு” என்றாள் அபிதா. “இது பாக்டீரியா. வெறும் அழுக்கில்லே, உசிரு. வெள்ளரிப் பிஞ்சுல உப்பைத் தடவினா தண்ணி விடுது பாத்திருக்கீங்களா? கிருமிக்கும் அதே கதிதான். வெளியே உப்பு ஏறினா உள்ள இருக்கிற தண்ணியை உப்பு இழுத்துடும். வத்திச் செத்துடும். அதனாலதான் உப்புல எதுவும் அழுகாதுன்னு நினைக்கிறோம்.”

“ஊரே அப்பிடித்தான் நினைக்குது. எங்க ஊறுகா ஜாடி உள்பட” என்றான் இன்னாசி.

“ஆனா சில ஜாதி பாக்டீரியாவுக்குள்ள நொதிகள் இருக்கு. என்சைம்னு சொல்லுவாங்க. ஒண்ணை வாங்கி இன்னொண்ணா மாத்திக் குடுக்கிறதுதான் அதுங்க தொழில். வெளியே உப்பு ஏறினதுமே ஜல்தியா வேலையை ஆரம்பிச்சிடும். கோலின்னு ஒரு சரக்கு உள்ள வரும். முதல் நொதி அதைப் பாதி மாத்தும். அந்தப் பாதிச் சரக்கு விஷம், அப்பிடியே விடக்கூடாது. அடுத்த நொதி அதை வாங்கி முழுசா மாத்திடும். கடைசியில பீட்டெய்ன்னு ஒரு சாதுவான பொருள் கிடைக்கும். அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், உள்ள நடக்கிற வேற எந்த வேலையையும் கெடுக்காது. உப்பு ஏற ஏற இதைச் சேத்துகினே இருக்கும். இந்த மாதிரிக் காப்புப் பொருள் இன்னும் பல தினுசு உண்டு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நொதி.”

சகாயம்மாள் தலையாட்டினாள். “ஒருத்தர் நூல் இழைச்சுக் குடுக்க, ஒருத்தர் தார் சுத்த, ஒருத்தர் நெய்யற மாதிரி.”

“அதேதான்.”

“அப்ப உள்ள ஒரு சங்கமே நடந்துகினு கீது” என்றான் இன்னாசி. “தலைவர் மட்டும் இல்லே. அதான் வேலை நடக்குது.”

“இப்ப விஷயத்துக்கு வா. உள்ள அவ்வளவு சேத்து வச்சிருக்கிற உசிரைத் திடீர்னு நல்ல தண்ணியில விட்டா என்ன ஆகும்? தண்ணி குபுகுபுன்னு உள்ள பாயும். சில ஜாதி, சேத்ததை வெளியே கொட்டித் தப்பிச்சுக்கும். இதுக்கு அந்த வித்தை தெரியல, வெடிச்சிடுச்சு.” அபிதா கிணற்றுத் தண்ணீர் டம்ளரைத் தட்டினாள். “இந்தத் தண்ணியில பட்டாலே சாகுற உசிரு இந்தக் கிணத்துல பொறந்திருக்குமா?”

இன்னாசி இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பொறக்காது” என்றான். “அப்ப உப்போடயேதான் வந்திருக்குது. ஏற்கெனவே அது குடியிருந்த உப்பு.”

“எந்த வீட்டு உப்புன்னுதான் தெரியணும். என் உப்பு வெள்ளையா இருக்கிறதால நான் திருடலைன்னு ஆயிடாதே” என்றாள் சகாயம்மாள்.

“ஆகாது” என்றாள் அபிதா.

உப்புத் தண்ணீர் டம்ளரின் அடியில் ஏதோ படிந்திருந்தது. குச்சியால் தூக்கிப் பார்த்தாள். குட்டையாக, கெட்டியாக, செம்பழுப்பு நிறத்தில் ஒரு முடி. மனுஷ முடி இல்லை. அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

“இன்னாசி. ராணிப்பேட்டை ரூட்ல கடைசி சீட்டுல இன்னா மூட்டை ஏத்துவாங்க?”

அவன் டம்ளரைப் பார்த்துவிட்டு ஒரு எட்டு பின்வாங்கினான். “வேணாம் மேடம்” என்றான்.

*

நூல் புறப்பட்ட வீட்டுக்கு அவர்கள் போனபோது பரசுராமன் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஜெயம்தான் கதவைத் திறந்தாள். நல்ல மனுஷி. வந்தவர்களை மழையோடு திருப்பி அனுப்ப அவளால் முடியாது.

“தலைவர் அனுப்பின ஆளுங்கதானே. உக்காருங்க. சாப்பாட்டு நேரத்துல பேச்சு இன்னா பேச்சு” என்று இலை போட்டுவிட்டாள்.

அபிதா பசி இல்லை என்று மோர் மட்டும் வாங்கிக்கொண்டாள். இன்னாசிக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. சுண்டைக்காய் வற்றல் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான்.

“அந்தப் பொம்பளை விஷயமாத்தானே வந்திருக்கீங்க” என்றாள் ஜெயம், ரசம் ஊற்றிக்கொண்டே. “யாரையும் குத்தம் சொல்லக்கூடாது. ஆனா அவ கண்ணு நல்ல கண்ணில்லேம்மா. போன தபா நூல் வாங்க வந்து முத்தத்துல நின்னுட்டுப் போனா. மறுநாள் எங்க உப்பு ஜாடி செவந்துபோச்சு.”

அபிதாவின் மோர் உதட்டருகே நின்றது. “செவந்துபோச்சுன்னா?”

“மேலாக்க ரோஸா, பிசுபிசுன்னு. ஒரு நாத்தம் வேற. உப்புன்னா மகாலட்சுமி இல்லியா. படவேட்டு அம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சேன். மேலே இருந்ததை வழிச்சு எறிஞ்சுட்டேன். அடியில வெள்ளையாத்தான் இருந்துது. லட்சுமியை முழுசா வெளியே கொட்ட மனசு வருமா? அதையேதான் போட்டுச் சமைக்கிறேன்.”

“இந்த ரசத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்தான்.”

இன்னாசி விரலைச் சப்பினான். “அதாங்க அப்பிடி ருசி.”

“உப்பு எந்தக் கடையில வாங்கினீங்கம்மா?” என்று அபிதா மெதுவாகக் கேட்டாள்.

ஜெயம் இலைப் பக்கம் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். “கடையில இல்லே. அடைமழை பிடிச்ச அன்னிக்கு விளக்கு வச்ச நேரத்துல உப்பு தீந்துபோச்சு. அந்த நேரத்துல உப்பை யார் குடுப்பா, நாமதான் எப்பிடிப் போய்க் கேக்கிறது? பின்னாடி அறையில ஒரு மூட்டை கிடந்துது. நூல் வைக்கிற அறை. நான் அதுக்குள்ள போனா அவருக்குப் பிடிக்காது. யாருக்கும் தெரியாம ஜாடி நிறைய அள்ளிகினு வந்துட்டேன். முடி முடியாக் கிடந்துது, பொறுக்கிட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

மோர் டம்ளரை அபிதா கீழே வைத்தாள். நாக்கின் அடியில் அந்தக் கரிப்பு இருந்தது. எழுந்துபோய் முற்றத்தில் வாய் கொப்பளித்தாள். ஒரு தரம், இன்னொரு தரம். இந்த வெள்ளை மனசுக்காரியைத்தான் சாயந்திரம் நாலு பேர் நடுவே பேச வைக்க வேண்டும். வேறு வழி இல்லை. அந்த நினைப்பும் வாயைக் கொப்பளித்தால் போகிற கசப்பாகத் தெரியவில்லை.

லூனா தெருமுனை திரும்பிய பிறகுதான் இன்னாசியிடம் சொன்னாள். அவன் பிரேக் போட்டான். இறங்கினான். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

“விரலைச் சப்புறப்பவாவது காலை மிதிச்சிருக்கலாம் மேடம்” என்றான் கடைசியில்.

“மிதிச்சேன். அதாங்க ருசின்னு சொன்னே.”

*

சாயந்திரம் பரசுராமன் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. வியாபாரிகள் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஊதுவத்தி கட்டுக்கட்டாகப் புகைந்தது. தனகோடி நடுவில். சகாயம்மாள் வாசல் நிலைக்கு அந்தப் பக்கம். சமையலறைக் கதவோரம் ஜெயம் பாதி முகம் தெரிய நின்றாள்.

அபிதா இரண்டு டம்ளரையும் ஜமக்காளத்தின் நடுவில் வைத்தாள். பொத்தி வைத்திருந்த நூல்கட்டிலிருந்து சளியை வழித்து எல்லார் கண்ணெதிரேயும் விட்டாள். உப்பில் பிழைத்தது, நல்ல தண்ணீரில் செத்தது. காரணத்தை நாலு வார்த்தையில் சொன்னாள். சிலர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

“ஆக, கிணத்துத் தண்ணியால வந்த கேடு இல்லே. உப்போட வந்தது” என்றாள்.

“அத்தைத்தானே நானும் சொல்றேன்” என்றார் பரசுராமன். “உப்பைப் போட்டவ அவ. இப்ப நீங்களே ருசுப்படுத்திட்டீங்க. தலைவரே, இன்னும் இன்னாத்துக்கு ராத்திரி வரைக்கும் பேசிகினு? தீர்ப்பைச் சொல்லிடுங்க.”

தலைகள் ஆடின. தனகோடி தொண்டையைச் செருமினார். சகாயம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம்” என்றாள் அபிதா. “ஜெயம்மா, உங்க ஜாடியைக் கொஞ்சம் கொண்டாறீங்களா?”

ஜெயம் புருஷனைப் பார்த்தாள். பிறகு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். பீங்கான் ஜாடி. மூடியைத் திறந்தாள் அபிதா. முன்னே ஜெயம் வழித்த இடத்தில் மழை ஈரத்துக்கு மறுபடி பூத்திருந்தது. ரோஸ் நிறம், பட்டின்மேல் இருந்த அதே ரோஸ். ஊதுவத்தியைத் தாண்டிக்கொண்டு அந்த நாற்றம் கூடம் முழுக்க நடந்துபோயிற்று.

“இது எங்க அள்ளின உப்பும்மா?”

“பின்னாடி அறையில” என்றாள் ஜெயம், திட்டு விழப்போகிற குழந்தையைப் போல. “மூலையில இருந்த சாக்குல.”

பரசுராமன் மெல்லத் திரும்பினார். “எந்த சாக்கு?”

“ஒரே ஒரு சாக்குதானே கீது. நூலுக்குப் பக்கத்துல.”

“அதைக் கொண்டாந்து இன்னா பண்ணினே?”

“சமைச்சேன். மழை பிடிச்சதுலேர்ந்து அதுதான். காலையில உங்க பொங்கல்கூட…”

பரசுராமன் எழுந்தார். விபூதிக்குக் கீழே முகம் மண்ணாங்கட்டி நிறமாகிவிட்டது. அடுத்த கணம் ஆட்களைத் தாண்டி, ஒருவர் மடியை மிதித்து, முற்றத்துத் தாழ்வாரத்துக்கு ஓடினார். தூணைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தார். காலைப் பொங்கல் என்ன, முந்தின நாள் சோறும் வந்துவிடும் போலிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு பேருக்குத் தாங்களும் எழுந்து ஓடலாமா என்றிருந்தது.

“தலைவரே” என்றாள் அபிதா. “உப்புல சமைச்சேன்னு பொண்டாட்டி சொன்னா யாராவது வாந்தி எடுப்பாங்களா? அது எங்கேர்ந்து வந்த உப்புன்னு இங்க இன்னும் ஒருத்தருமே சொல்லல. தெரிஞ்சவர் ஒருத்தர்தான் ஓடினார்.”

தனகோடியின் கண் ஜாடியிலிருந்து முற்றத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. “இன்னா உப்பும்மா அது?”

அபிதா காகிதத்தைப் பிரித்து முடியைக் காட்டினாள். இன்னாசிதான் பதில் சொன்னான்.

“தோல் மண்டி உப்புங்க. மாட்டுத்தோல் அழுகாம இருக்க மேலே தூவி, அடுக்கி, பிறகு உதறிக் கொட்டுவாங்க. ரத்தம், கொழுப்பு, முடி எல்லாம் அதுலயேதான். அள்ளிகினு போனா போதும்னு விட்டுடுவாங்க. கடையில மூட்டை மூட்டையா உப்பு வாங்கினா எதுக்குன்னு தெரு கேக்கும். அங்க கேக்க ஆளில்லே.”

“அந்த உப்புல ஏற்கெனவே குடியிருந்ததுதான் இந்த ரோஸ்” என்றாள் அபிதா. “உப்புத் தண்ணியில முக்கின நூலை நிறுத்துக் குடுப்பார். நெய்யறவ நனைச்சதும் உப்பு கரைஞ்சு போயிடும். சேலையை நிறுத்தா எடை குறையும். திருடின்னு பேர் அவளுக்கு, மிச்சம் பிடிச்ச பட்டு இவருக்கு. கேக்கிறதுக்கு யாருக்கு நாக்கு? உப்புல எதுவும் பிழைக்காதுன்னு நம்பிட்டார். அதோட, இந்தத் தபா நனைக்க முடியாம நூல் பெட்டியில தங்கிப்போச்சு. அங்கதான் மாட்டினார்.”

இரண்டு பேர் எழுந்துபோய்ப் பின் அறையைத் திறந்தார்கள். ஒரு மரத்தொட்டியும், கொடியில் ஈரம் சொட்டத் தொங்கிய சந்தனமும் பச்சையுமான பட்டும் இருந்ததாக வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

பரசுராமன் தூணைப் பிடித்தபடியே திரும்பினார். எச்சில் தாடையில் ஒழுகியது. “தலைவரே, எல்லாரும் ஏதோ ஒரு விதத்துல…”

“மாட்டுக்கறி திங்கிற வீடுன்னு சொன்னீங்களே” என்றான் இன்னாசி. “நாங்க கழுவி, வேக வச்சுதாங்க திங்கிறோம்.”

ஜெயம் ஜாடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அள்ளிய கை, பரிமாறிய கை. “கண்ணு பட்டுச்சுன்னு அவளைச் சொன்னேனே” என்று அவள் முணுமுணுத்தது அபிதாவுக்கு மட்டும் கேட்டது.

தனகோடி எழுந்து நின்றார். நிறுத்துப் பேசுகிறவருக்கு இன்று எடைக்கல்லே அகப்படவில்லை. “சகாயம்மா மேல குத்தமில்லே. முன்னாடி நிறுத்தினவங்க மேலயும் இல்லே. இது சங்கத்து வார்த்தை. நாளைக்கு என் வீட்டுக்கு வாம்மா, பாவு தரேன்” என்றார். மற்றவர்களும் அவசர அவசரமாக, எங்க வீட்டுக்கு வா, எங்க வீட்டுக்கு வா என்றார்கள். சற்றுமுன் தீர்ப்புக்குத் தலையாட்டியவர்களும் அவர்களேதான். அபிதாவுக்கு ஜாடியைவிட இந்தப் பாசம் அதிகமாக நாறியது.

சகாயம்மாள் அவர்களில் யாரையும் பார்க்கவில்லை. தார் மாற்றும்போதெல்லாம் உறிஞ்சிய நூலை நினைத்தாளோ என்னவோ, சேலைத் தலைப்பை எடுத்து வாயைத் துடைத்தாள். உதட்டை, பிறகு நாக்கை.

பரசுராமன் தட்டுத் தடுமாறி வாசல்வரை வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கேட்கிற மாதிரி தணிந்த குரலில் பேசினார்.

“சகாயம்மா. நூல் விஷயம் போவட்டும், தப்புதான். ஆனா இந்த வீட்டுல நாங்க இன்னாத்தைத் தின்னோம்னு வெளியே தெரிஞ்சா, சம்பந்தி வீடு, கோயில், தெரு, ஒண்ணுலயும் நான் தலை காட்ட முடியாது. இவங்கல்லாம் என் மனுசங்க, துப்பறிய வந்தவங்களும் வாயைத் தொறக்க மாட்டாங்க. நீ ஒருத்திதான். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

கூடம் முழுக்க அவள் வாயையே பார்த்தது.

சகாயம்மாள் அவரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மழையில் இறங்கி, சேவூர்ப் பக்கம் நடந்தாள்.